சி டிரைவ் வந்துவிட்டது

மே 3, சனி

பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் திறந்தால் முதல் நாளிலிருந்து லாக், அதாவது நாள்குறிப்பு, எழுத வேண்டும் என்பது பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள் கூடும் எங்கள் டிஸ்கார்ட் சர்வரில் வழக்கம். பிறகு திருத்தி, போட்டோ சேர்த்து எல்லாருக்கும் போடலாம். இதுவரை நான் மற்றவர்களின் லாக்கைப் படித்தே காலம் தள்ளியிருக்கிறேன். பழைய மெஷின் போல நடிக்கிற எமுலேட்டர் சாஃப்ட்வேரில் எல்லாவற்றையும் ஓட்டியிருக்கிறேன். நிஜ மெஷினைத் தொட்டதில்லை.

இன்று தொட்டேன். 486, முப்பது வருடத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர். மஞ்சள் படிந்த டவர், முன்னால் டர்போ பட்டன், பட்டன் இன்னும் அமுங்குகிறது.

அம்மா வேலை பார்க்கும் எம்பிராய்டரி யூனிட்டில்தான் இது இருக்கிறது. அம்மாவுக்கு அங்கே பிசிறு வெட்டும் வேலை. இவ்வளவு நாள் இப்படி ஒரு பொக்கிஷம் அங்கே ஓடிக்கொண்டிருப்பதை அம்மா என்னிடம் சொன்னதே இல்லை. "டப்பாக் கம்ப்யூட்டரு, அதுல என்ன சொல்றது" என்கிறாள்.

சித்திரைத் தேருக்கு யூனிட்டை ஒரு வாரம் மூடியிருந்தார்கள். திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால், ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை என்று சொல்லி நிற்கிறது. சர்வீஸ் ஆள் வந்து பார்த்துவிட்டு, தூக்கிப் போட்டுப் புதிது வாங்குங்கள் என்று போய்விட்டானாம். அம்மாதான் ஓனரிடம் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள்.

ஓனர் பெயர் குப்புராஜ். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரத்னா பையனா? காலேஜு போறதில்லையாமா?"

"அரியர் இருக்குங்க. எழுதணும்."

"அத அப்பறம் எழுது. இத எழுப்பிக் குடு மொதல்ல."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா நாற்காலியைவிட்டு எழுந்து எனக்கு இடம் விட்டார். தெய்வானை. டிசைன் எல்லாம் அவர் கை வேலை. பள்ளிக்கூடச் சட்டைப் பாக்கெட்டில் வருமே, பேட்ஜ், அந்தச் சின்னத்தை இந்தக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு தையலாக வரைய வேண்டும். அதற்குப் பஞ்சிங் என்று பெயர். வரைந்ததை ஃபிளாப்பியில் எடுத்துத் தையல் மெஷினில் போட்டால் அது அடித்துத் தள்ளும்.

"எம்பது சொச்சம் ஸ்கூலு உள்ள கெடக்குது கண்ணு. ஜூன்ல தெறக்கறாங்க. பாக்கெட்டுத் துணி அடுத்த வாரம் வந்துரும்."

"ஃபிளாப்பில காப்பி இல்லீங்களாக்கா?"

"ஒரே ஃபிளாப்பிதான். அதுலயே அழிச்சு அழிச்சு எழுதுவோம். மத்ததெல்லாம் பூசணம் புடிச்சுப்போச்சு."

மே 4, ஞாயிறு

யூனிட் லீவு. சாவியை அம்மாவிடம் கொடுத்திருந்தார்கள். காலையிலிருந்து நானும் அதுவும் மட்டும்.

மூடியைக் கழற்றினேன். பஞ்சும் நூலும் ஒரு கூடை வந்தது. மதர்போர்டில் நீலப் பீப்பாய் மாதிரி ஒரு பேட்டரி, கசிந்து பச்சை பூத்திருந்தது. எல்லா வீடியோவிலும் பார்த்த அதே பச்சை. அதை நேரில் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது.

என்ன நடந்திருக்கிறது என்பது உடனே புரிந்தது. இந்த மெஷின் தன்னுள் என்ன டிஸ்க் இருக்கிறது என்பதை அந்தப் பேட்டரியின் தயவில்தான் ஞாபகம் வைத்திருக்கும். கரண்ட் இருந்தவரை பேட்டரி சாகாமல் இழுத்துக்கொண்டிருந்தது. லீவுக்கு மெயினை அணைத்ததும் மெஷின் மறந்துவிட்டது. அவ்வளவுதான். டிஸ்க் சுற்றுகிறது, சத்தம் கேட்கிறது.

பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, கடிகார செல் மூன்றை வயரில் கோத்து வைத்தேன். தேதி இப்போது மறக்காமல் நிற்கிறது. போட்டோ போட்டேன். சர்வரில் தீ எமோஜி கொட்டுகிறது. ஹெக்ஸ்பாபு அண்ணா கூட வந்து "கலக்கு தம்பி" என்றார். அவர் சென்னை, யாருக்கும் சும்மா பதில் போட மாட்டார்.

மே 5, திங்கள்

இன்று படித்தது. இது தானாக டிஸ்க்கைக் கண்டுபிடிக்கிற காலத்துக்கு முந்தைய போர்டு. மூன்று எண்களை நாம் கையால் அடிக்க வேண்டும். தட்டில் எத்தனை வட்டம், ஒரு வட்டத்துக்கு எத்தனை துண்டு, படிக்க எத்தனை ஹெட். இந்த மூன்றை வைத்துத்தான் எந்தத் தகவல் எந்த இடத்தில் என்று அது தேடிப் போகும்.

தெய்வானை அக்கா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க தையல் மெஷினுக்குப் பன்னண்டு ஹெட்டு. உன்ற டப்பாவுக்கு எத்தன?"

"அதாங்க்கா தெரியல."

"தெரியாமயா இத்தன நேரம் தட்டிட்டிருக்கற?"

பிசிறு வெட்டுகிறவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், அம்மாவும்.

டிஸ்க்கின் மேல் இருந்த ஸ்டிக்கர் பாதி கிழிந்திருக்கிறது. எண் இருந்த பாதி இல்லை. மாடல் பெயரை வைத்து நெட்டில் தேடினேன். ஒரு பட்டியலில் பதினைந்து ஹெட், இன்னொன்றில் பதினாறு.

ஹெக்ஸ்பாபு அண்ணாவிடம் கேட்டேன். "எதுவா இருந்தாலும் மொதல்ல காப்பி எடு. யூஎஸ்பி அடாப்டர் வாங்கி லேப்டாப்ல மாட்டு. அதுவரைக்கும் டிஸ்க்ல ஒரு எழுத்துகூட எழுதாத" என்றார். அடாப்டர் ஆர்டர் போட்டுவிட்டேன். ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமாம்.

மே 6, செவ்வாய்

ரேம் ஸ்லாட்டைத் துடைத்ததோடு சரி. அது வேறு பிரச்சினை. எழுத ஒன்றுமில்லை.

மே 8, வியாழன்

சி டிரைவ் வந்துவிட்டது.

ஹெட் எண்ணாகப் பதினைந்து போட்டேன். சேவ் செய்து மெஷினைத் திரும்பக் கிளப்பினேன். டிஸ்க் கர்ரென்று ஒரு முறை தேய்ந்தது, திரையில் ஒரு வரி, பிறகு ஒரு வரி, பிறகு சி, அதன் பக்கத்தில் துடிக்கிற கோடு. நான் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தேன். அம்மா கத்திரிக்கோலோடு ஓடி வந்தாள், எனக்கு ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்து.

பட்டியல் போட்டதும் ஃபோல்டர்கள் ஓடின. எல்லாம் பள்ளிக்கூடப் பெயர். எட்டு எழுத்துக்கு மேல் வைக்க முடியாது என்பதால் தெய்வானை அக்கா சுருக்கிச் சுருக்கி வைத்திருக்கிறார். அவர் திரைமேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார்.

"இது ஞானாம்பிகை மெட்ரிக்கு. இதுல ஒரு மயிலு. தோகை மட்டும் பதினோரு நாள் வரைஞ்சேன். அப்பப் பிரதீபா வயித்துல. டாக்டரு உக்காராதீங்கன்னாங்க. உக்காராம எப்படி வரையறது?"

"தெறந்து காட்டட்டுங்களா?"

மயில் கோப்பு திறக்கவில்லை. டிசைன் சாஃப்ட்வேரை ஓட்டினால் திரை முழுக்க இதயமும் ஸ்பேடும் சிரிக்கும் முகமுமாகக் குப்பை வருகிறது. சில ஃபோல்டருக்குள்ளும் அதே குப்பை. ஒரு வாரத்துக்கு மேல் நின்ற டிஸ்க், கொஞ்சம் குழம்பியிருக்கும்.

"என்ன கண்ணு இப்படி வருது?"

"சின்னக் கோளாறுங்க்கா. சரி பண்ணிரலாம்."

"காப்பி எடுத்து வெச்சுட்டு நோண்டலாமில்ல?"

"அடாப்டர் வரணுங்க்கா."

"வரட்டுமே. நாலு நாள்ல என்ன முழுகிப்போச்சு?"

நேற்றுவரை ஜூன் ஜூன் என்று அவசரப்படுத்தியவர் இவர்தான்.

சர்வரில் இன்று என் போட்டோவை எல்லாருக்கும் தெரிய மேலே பின் செய்து வைத்திருக்கிறார்கள்.

மே 11, ஞாயிறு

இன்று மறக்க முடியாத நாள்.

முதலில் ஸ்கேன்டிஸ்க், டிஸ்க்கில் பிழை தேடித் திருத்தி எழுதுவது. நீலத் திரை, மஞ்சள் பட்டை. பிழை இருக்கிறது, சரி செய்யட்டுமா என்று கேட்டது. இப்படிக் கேட்டால் என்ன சொல்ல முடியும். நிறையப் பிழை. திரும்பத் திரும்பக் கேட்டது, திரும்பத் திரும்ப ஆம். கடைசியில் பிழை எதுவும் இல்லை என்று வந்தது. வீடியோவில் பார்த்த அதே வாசகம், எனக்காக.

பிறகு டிஃப்ராக். இதற்காகத்தான் நான் இந்த ஹாபிக்கே வந்தேன். எட்டாவது படிக்கும்போது இரண்டு மணி நேரம் ஓடும் டிஃப்ராக் வீடியோ ஒன்றை முழுக்கப் பார்த்தவன் நான். டிஸ்க் முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும். ஒவ்வொரு கட்டமாக எடுத்து, இடம் மாற்றி எழுதி, ஓட்டை இல்லாமல் அடுக்கி வைக்கும். எடுக்கும்போது ஒரு சத்தம், வைக்கும்போது ஒரு சத்தம். இது எமுலேட்டரில் வராது. அந்தச் சத்தத்துக்கு நிஜ இரும்பு வேண்டும்.

டிஸ்க் குழம்பியிருந்தால் அடுக்கி வைப்பதுதானே மருந்து. அப்படித்தான் தோன்றியது. காலையில் பெயர்ப் பட்டியல் போட்டதிலிருந்து முழுவதையும் போனை ஸ்டாண்டில் வைத்து எடுத்தேன். ஆளில்லாத யூனிட், தையல் மெஷின்களுக்கு மேல் துணி போர்த்தியிருக்கிறது, நடுவில் இந்தக் கர்க் கர்க் மட்டும். அம்மா கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தைச் சாப்பிட மறந்துவிட்டேன்.

முடிந்ததும் கட்டங்கள் எல்லாம் மேலே ஒரே பாளமாக, கீழே காலி. அவ்வளவு சுத்தம்.

வீடியோவை நெட்டில் ஏற்றிவிட்டு அம்மாவுக்கும் காட்டினேன். தலைப்பு: முப்பது வருட டிஸ்க், நிஜ சத்தம், டிஃப்ராக்.

மே 12, திங்கள்

டிசைன் சாஃப்ட்வேர் ஓடவில்லை. குப்பையும் வரவில்லை. அந்த ஃபோல்டரே இல்லை. பள்ளிக்கூடப் பெயர்களில் முக்கால்வாசியைக் காணோம். அவற்றுக்குப் பதிலாக எண் போட்ட கோப்புகள், வரிசையாக, நூற்றுக்கணக்கில். திறந்தால் கூழ்.

வீடியோ ஓடுகிறது. வெளிநாட்டு ஆட்கள் எல்லாம் வந்து சத்தம் பிரமாதம் என்கிறார்கள். ஒருவர் ஹெட்போன் போட்டுக்கொண்டு தூங்கினாராம்.

தெய்வானை அக்கா இரண்டு முறை வந்து கேட்டார். "இன்னும் செட்டாகிட்டிருக்குங்க்கா" என்றேன். டீ வாங்கி வந்து கீபோர்டு பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மே 14, புதன்

அடாப்டர் வந்தது.

ஹெக்ஸ்பாபு அண்ணா மெசேஜ்: "அந்த மாடல் என்கிட்ட ஒண்ணு இருக்கு, இப்பத்தான் பாத்தேன். பதினாறு ஹெட். நீ என்ன குடுத்த?"

அடுத்தது: "பதினஞ்சு குடுத்தாலும் ஆரம்பத்துல கொஞ்சம் சரியா வரும். பேரெல்லாம் தெரியும். அதுக்கப்பறம் எல்லாமே தப்பு எடத்துலருந்து படிக்கும். எழுதாத வரைக்கும் பயமில்ல. எண்ண மாத்தினா அப்படியே திரும்ப வந்துரும்."

அடுத்தது: "எழுதலியே?"

போனில் சார்ஜ் குறைவாக இருந்தது. பிறகு பதில் போட்டுக்கொள்ளலாம்.

மே 15, வியாழன்

பதினாறு போட்டேன். சி டிரைவ் வந்தது. உள்ளே ஒன்றும் பொருந்தவில்லை. லேப்டாப்பில் மாட்டி, மீட்டெடுக்கிற சாஃப்ட்வேர் மூன்று ஓட்டினேன். ஒரு டிசைன் பாதி கிடைத்தது. ஒரு கேடயத்தின் இடது பக்கம், ஒரு எழுத்து, அதற்கு மேல் நூல் சிக்கல் மாதிரி கோடுகள். எந்தப் பள்ளிக்கூடம் என்று தெய்வானை அக்காவிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை.

மே 16, வெள்ளி

இதைப் பொது லாக்கில் சேர்க்க வேண்டாம்.

பாக்கெட்டுத் துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கிவிட்டது. ஓனர் என்னை எல்லார் முன்னாலும் நிறுத்திக் கேட்டார்.

"வருமா வராதா? ஒரே வார்த்தை."

"டிஸ்க் வந்துருச்சுங்க. உள்ள இருந்ததுதான் வரலீங்க."

"எப்பப் போச்சு அது?"

"மெயின் ஆஃப் ஆனப்ப ஆரம்பிச்ச பிரச்சினைங்க இது. வருஷக்கணக்கா நிக்காம ஓடுன டிஸ்க். அப்படி நிறுத்தினா திரும்ப வர்றது கஷ்டங்க."

இதில் பொய் எதுவும் இல்லை. மெயின் ஆஃப் ஆனதில்தான் ஆரம்பித்தது. ஓடிக்கொண்டே இருந்த பழைய டிஸ்க்கை நிறுத்தினால் சிக்கல் வரும் என்று எல்லா ஃபோரத்திலும் எழுதியிருக்கிறது.

"மெயின யாரு அணைச்சது?" என்றார் ஓனர்.

எல்லாரும் துணியைப் பார்த்தார்கள். கடைசியாகப் பூட்டிவிட்டுப் போவது எப்போதும் தெய்வானை அக்காதான்.

"நீங்கதானுங் சொன்னீங்க, ஒரு வாரம் லீவு, கரண்டு பில்லு எகிறுது, அணைச்சுப்போட்டுப் போங்கன்னு."

"லைட்டு ஃபேனச் சொன்னனா, கம்ப்யூட்டரச் சொன்னனா?"

"மெயினுன்னுதானுங் சொன்னீங்க."

"எதுத்துப் பேசாத. இத்தன வருஷம் அது முன்னாடியே உக்காந்திருக்கற, அத அணைக்கக் கூடாதுன்னு தெரீலயா உனக்கு?"

தெய்வானை அக்கா என்னைப் பார்த்தார். "ஏங்கண்ணு, அன்னிக்குப் பேரெல்லாம் வந்துதே. விரல் வெச்சுப் படிச்சனே நானு."

"பேரு மட்டுந்தாங்க்கா வந்துச்சு. உள்ள முன்னாடியே போயிருச்சு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கம்ப்யூட்டர் தெரிந்தவன் சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். அம்மா என் பக்கம் திரும்பாமல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். துணியில் பிசிறே இல்லை.

மே 17, சனி

தெய்வானை அக்காவை இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

மே 19, திங்கள்

அம்மாவும் தெய்வானை அக்காவும் ஒரே பஸ்ஸில் போவார்கள், ஒரே டப்பாவில் குழம்பு மாற்றிக்கொள்வார்கள். இன்று அம்மா இரண்டாவது பஸ்ஸில் போனாள். முதல் பஸ் அக்கா வீட்டு வழியாகப் போகும்.

ராத்திரி சோறு போடும்போது கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம பூரா அங்க என்றா பண்ணுன?"

"சரி பண்ணிட்டிருந்தேன்."

"சரி பண்றதுக்கு எதுக்கு வீடியோ?"

"எல்லாரும் எடுப்பாங்கம்மா. லாக்குக்கு."

"எனக்குத் தெரியாது அதெல்லாம். காப்பி எடுக்கோணும்னு அவ சொன்னாளே. சொன்னாளா இல்லியா?"

"அடாப்டர் வரலம்மா அப்ப."

"வரலைன்னா?"

நான் ரசம் கேட்டேன். ஊற்றினாள்.

மே 22, வியாழன்

புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. புது சாஃப்ட்வேரும். ஓனர், என் அம்மா மூலம் சொல்லி அனுப்பினார்: உன் பையனையே வந்து உட்காரச் சொல், அவனுக்குத்தான் இதெல்லாம் தெரியுது. அம்மா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள், போ என்றோ போகாதே என்றோ சொல்லவில்லை.

நான் போகவில்லை என்றால் வேறு யாராவது போவார்கள். அரியர் நவம்பரில்தான்.

மே 23, வெள்ளி

முதல் நாள். புது சாஃப்ட்வேரில் பழைய பேட்ஜை ஸ்கேன் செய்து கொடுத்தால் தானே தையலாக மாற்றிவிடும் என்று விளம்பரத்தில் இருக்கிறது. மாற்றுகிறது. ஓட்டிப் பார்த்தால் துணி சுருங்குகிறது, நூல் அறுகிறது. எந்த இடத்தில் தையல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று யாரோ ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஞானாம்பிகையின் மயிலை ஓட்டினேன். வாத்து மாதிரி வந்தது. பிசிறு மேசையில் ஒருத்தி எடுத்துப் பார்த்து, "கோழி நல்லா வந்திருக்குது தம்பி" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்து ஆர்டர் மதியமே வேறு யூனிட்டுக்குப் போய்விட்டது.

மே 27, செவ்வாய்

வீடியோவுக்குக் கீழே ஒரு கமென்ட். தமிழில்.

"அண்ணா, இது எங்க அம்மா வேலை பார்த்த கம்ப்யூட்டர். ஆரம்பத்துல பேர் எல்லாம் இருக்கே. காப்பி எடுக்காம இதை ஓட்டலாமா? ஓட்டினா உள்ள இருக்கறது என்ன ஆகும்? ப்ளஸ் டூவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கேன், தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். பிரதீபா."

அதன் கீழே ஹெக்ஸ்பாபு அண்ணா. "ஹெட் எண்ணைத் தப்பா குடுத்துட்டு டிஃப்ராக் ஓட்டினா எதுவுமே மிஞ்சாதும்மா. தம்பி, அன்னிக்கு நான் கேட்டதுக்கு நீ பதிலே சொல்லல. ஓட்டினது பதினஞ்சுலயா?"

அதற்குக் கீழே இன்னும் ஏழெட்டுப் பேர், பதிலுக்குக் காத்திருப்பதாக.

பிரதீபாவின் கமென்ட்டை நீக்கினேன். அதை நீக்கினால் கீழே தொங்குகிற எல்லாமும் சேர்ந்து போய்விடும். வீடியோவை நீக்கவில்லை. அதில் தப்பாக ஒன்றுமில்லை, அது வெறும் சத்தம். கமென்ட் பகுதியை மூடிவிட்டேன். ஸ்பேம் அதிகமாகிவிட்டது.

சர்வரிலிருந்தும் வெளியே வந்துவிட்டேன். அங்கே இப்போது முன்பு மாதிரி இல்லை, எல்லாரும் அறிவுரை சொல்கிறார்கள்.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். பஸ்ஸில் பாதிப் பிள்ளைகள் பேட்ஜ் இல்லாத வெறும் பாக்கெட்டோடு போகிறார்கள். இன்னொரு யூனிட் அடித்த மயில் ஒன்றையும் பார்த்தேன். சுமார்தான்.

பதினோரு மணிக்குத் தெய்வானை அக்கா வந்தார். மேசை டிராயரில் அவருடைய மூக்குக்கண்ணாடி இருந்ததாம். எடுத்துக்கொண்டு போக வந்தேன் என்றார். நான் எழுந்தேன்.

"உக்காரு கண்ணு. உன்ற எடந்தானே."

கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். புதுத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் ஓட்டிக்கொண்டிருந்த பேட்ஜில் விரலை வைத்து, "இங்க தையல் நேராப் போனா இழுக்கும். சாச்சுப் போடு" என்றார்.

"சரிங்க்கா."

"இப்ப ஒரு துணிக்கடைல பில்லு போடறேன். பரவால்ல, ஃபேனு இருக்குது."

கண்ணாடித் தடுப்பு போட்ட அறையில் ஓனர் போன் பேசிக்கொண்டிருந்தார், கதவு திறந்திருந்தது. அம்மா பிசிறு மேசையில் தலையைக் குனிந்திருந்தாள்.

"பிரதீபா அந்தப் படத்தப் போட்டுக் காட்டுனா. ரெண்டு தரம் பூரா உக்காந்து பாத்தேன்" என்றார் அக்கா. "கட்டங் கட்டமா எடுத்து எடுத்து வெக்கிறது பாக்க நல்லாத்தான் இருந்துது. உனக்கு ஏன் புடிச்சுதுன்னு புரிஞ்சுது. அதுல எந்தக் கட்டம் எந்த ஸ்கூலுன்னுதான் எனக்குத் தெரீல."

அறையில் போன் பேச்சு முடிந்தது. ஓனர் நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்டது.

"மெதுவாப் பேசுங்க்கா," என்றேன்.

"மெதுவாத்தானே கண்ணு பேசறேன்," என்றார்.